வெள்ளைப் பூ வந்த பிறகு

சலமான்கா, ஸ்பெயின்
9 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

யாழினி எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். நீங்களும் அம்மாவும் சௌக்கியந்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

தினமும் வீடியோ காலில் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன புதுக் கூத்து என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இது என் பாடம். நான் முதுகலையில் எடுத்திருப்பது நவீன ஸ்பானிய இலக்கியம். நேற்று வந்த நாவல்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் கணக்கில் நவீனம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிறந்துவிட்டது. அதற்கு அறிவொளிக் காலம் என்று பெயர். நம் அம்மா கையெழுத்துப் போடப் பழகியதும் அறிவொளி இயக்க வகுப்பில்தான், ஆகவே அம்மாவையும் என் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் கடிதம் எழுதித்தான் வாதம் செய்வார்களாம். அதனால் எங்கள் பேராசிரியை இனெஸ் அம்மையார் ஒரு வேலை வைத்திருக்கிறார். ஆளுக்கொருவரைப் பிடித்து வருஷம் முழுக்கக் கையால் கடிதம் எழுத வேண்டும். வருகிற பதில்களையும் மொழிபெயர்த்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். ஒரே நிபந்தனை, கடிதத்தில் எழுதியதைப் போனில் பேசக் கூடாது.

மற்றவர்கள் காதலனுக்கும் சிநேகிதிக்கும் எழுதுகிறார்கள். எனக்கு எழுத நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே எல்லாக் கடையும் அடைத்துவிடுகிறார்கள். பேச ஆளில்லாமல் சலவைக் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். மிஷின் ஓடுகிற சத்தமாவது கேட்கிறது.

பதில் போடுங்கள் அண்ணா. அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் தங்கச்சி,
யாழினி


முதலிபாளையம்
6 நவம்பர் 2023

அன்புத் தங்கச்சி யாழினிக்கு,

அண்ணன் செந்தில்வேல் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே யாவரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான், தைலத்தை மாற்றி மாற்றித் தேய்க்கிறது. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு போ.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அப்போது ஊருக்கு நூலகம் வேண்டும் என்று எழுதினேன். மார்க் வந்தது, நூலகம் வரவில்லை. தீபாவளி நெருக்கத்தில் யூனிட்டில் வேலை குவிந்து கிடக்கிறது. காஜா பட்டன் என்றால் என்ன என்று உன் அம்மையாருக்கு விளக்கிவிடு. ஊரார் தைக்கிற சட்டைக்கு நாம் துளை போட்டுப் பொத்தான் வைத்துத் தருகிறோம், அவ்வளவுதான்.

ஒரு சேதி. தரகர் ராசப்பன் கொமரலிங்கத்தில் ஒரு இடம் கொண்டுவந்தார். பெண் பெயர் பரணி. வயது இருபத்தாறு. பி.காம். முடித்துவிட்டு அவளுடைய அப்பா சிவசுப்பிரமணியத்தின் உரக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். எனக்கு முப்பத்தெட்டு என்று தெரிந்தும் வரச் சொன்னார்கள். இத்தனை வருஷமாக எத்தனை வீட்டில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்திருப்பேன் என்று உனக்கே தெரியும். ஒரு வீட்டில் ஐ.டி. மாப்பிள்ளைதான் வேண்டும் என்றார்கள், இன்னொரு வீட்டில் என் தலையில் முடி போதவில்லை.

போன வெள்ளிக்கிழமை சிவன்மலைக்குப் போய்ப் பூ கேட்டோம். வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து முருகன் முன்னால் வைத்தோம். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. சாமி சரியென்றுவிட்டார். அதோடு இரண்டு வீட்டிலும் முடிவாகிவிட்டது.

பெண்ணோடு நான் பேசவில்லை. காபி கொடுக்கும்போது டம்ளரைத்தான் பார்த்தேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நம் யூனிட்டில் ஒடிசாப் பையன்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்டாட்டிகளோடு வீடியோ காலில் பேசுவார்கள். நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். பூ வந்த மறுநாள் நான் எழுந்து போகவில்லை. அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு கண்ணு.

அன்பு அண்ணன்,
செந்தில்வேல்


சலமான்கா
28 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் காய்ச்சல். படித்ததும் பாதி இறங்கிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். எனக்கு அண்ணி வரப்போகிறார்கள் என்று பக்கத்து அறைப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு அதில் என்ன சந்தோஷம் என்று புரியவில்லை. புரிகிற ஆள் ஒருவரும் இந்த ஊரில் இல்லை.

இந்த மாதம் அறிவொளிக் காலத்து நாடகங்கள் படிக்கிறோம். அந்தக் காலத்தில் இவர்களுக்குக் கல்யாணம்தான் பெரிய விவாதம். பெரியவர்கள் வசதியான இடமாகப் பார்த்துப் பேசி முடித்துவிடுவார்கள். பெண்ணைக் கேட்டால் உங்கள் இஷ்டம் என்பாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று சொல்ல வழியே இல்லாதவள் சொல்கிற சரிக்கு என்ன மதிப்பு என்று இனெஸ் அம்மையார் கேட்டார்.

நான் பெருமையாக எழுந்து நம் ஊரில் பூ கேட்பதைச் சொன்னேன். எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். ஒரு பையன் மட்டும், "கடவுளிடம் கேட்டீர்கள், சரி. அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?" என்றான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணா, நீங்கள் பரணியிடம் கேட்டீர்களா?

அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள்,
யாழினி


சலமான்கா
11 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகந்தானே? போன கடிதத்துக்குப் பதில் வருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

வகுப்பில் கைதட்டு வாங்கலாம் என்று பேசிவிட்டு, அந்தச் சூட்டில் உங்களுக்கும் எழுதிவிட்டேன். அது நாடகம் அண்ணா. இருநூறு வருஷத்துக்கு முந்திய சண்டை. நம் ஊரில் பெண் சம்மதிக்காமலா வந்து காபி கொடுப்பாள்? நீங்கள் ஏதும் கேட்டு வைக்காதீர்கள். நல்லபடியாக நடக்கட்டும். இது உங்கள் கைக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். நீங்கள் உடனே, "கடுதாசி விசயம் போன்ல பேசக்கூடாதுன்னு நீதான கண்ணு சொன்ன" என்று சிரித்துவிட்டீர்கள். பக்கத்தில் அம்மாவும் இருந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழினி


முதலிபாளையம்
22 டிசம்பர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் காய்ச்சலை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் மறைக்காமல் மாத்திரை வாங்கிச் சாப்பிடு.

நவம்பர் மாதக் கடிதம் நேற்று வந்தது. மார்கழி பிறந்துவிட்டதால் இப்போது நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள். தை பிறந்ததும் திருப்பூரில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறோம். அவர்கள் வீட்டிலிருந்தும் வருகிறார்கள், பெண்ணும் வருகிறாள்.

நீ கேட்டதை அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "முருகனே சொல்லிப்போட்டாரு, அப்பறம் அந்தப் புள்ளைய என்னத்தக் கேக்கறது?" என்று சொல்லிவிட்டுச் சீரியல் பார்க்கப் போய்விட்டது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது யாழினி. கேட்காமல் விட்டால் இந்தக் கல்யாணம் நடந்துவிடும். இதை விட்டால் எனக்கு இன்னொரு இடம் வரும் என்று ராசப்பனே நம்பவில்லை. ஆனால் நீ எழுதியதைப் படித்த பிறகு பரணி காபி கொடுத்ததை நினைத்துப் பார்க்கிறேன். டம்ளர் என் கைக்கு வந்ததும் நிற்காமல் உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

போர்வை போதுமா? இல்லையென்றால் ஒன்று வாங்கிக்கொள்.

அண்ணன்,
செந்தில்வேல்


முதலிபாளையம்
1 பிப்ரவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். கல்யாணம் நின்றுவிட்டது. நான்தான் வேண்டாம் என்றேன். அம்மா உன்னிடம் போனில் சொல்லியிருக்கும். உன்னுடைய டிசம்பர் கடிதம் போன வாரம்தான் வந்தது.

நன்றாகப் படி.

செந்தில்வேல்


சலமான்கா
23 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்றே நினைக்கிறேன்.

அம்மா போனில் அழுதது. புடவைக் கடையில் இரண்டு வீட்டாரும் கூடியிருக்கும்போது, மனசு ஒப்பவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களாமே. பெண் கறுப்பு என்பதால் வேண்டாம் என்றீர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. கூட நகை எதிர்பார்த்தீர்கள் என்று இன்னொரு பேச்சு. எது உண்மை? வேண்டாம் என்றால் பெண் பார்த்த அன்றே சொல்லியிருக்க வேண்டியதுதானே? பூ கேட்டு, நாள் பார்த்து, ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு ஒரு பெண்ணைக் கடையில் நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் கேட்கச் சொன்னது அவளுடைய மனசை. நீங்கள் உங்கள் மனசை மட்டும் கேட்டுக்கொண்டு முடித்துவிட்டீர்கள்.

நாங்கள் இப்போது அடுத்த காலத்துக்கு வந்துவிட்டோம். காதலித்துச் சாகிறவர்கள், கல்லறைகள், நிலா. எனக்கு எதுவும் ஓடவில்லை. என் அண்ணன் இப்படிச் செய்யக்கூடியவர் என்று ஒருவர் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். மிகவும் கோபமாக இருக்கிறேன் அண்ணா.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழினி


சலமான்கா
10 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நிஜமாகவே கேட்கிறேன். போனில் கேட்டால் நலம் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அம்மாவும் வாங்கியதும் அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரிகிறது.

ஈஸ்டர் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த விடுதியில் நானும் காவலாளியும்தான் இருந்தோம். தடிமனான நாவல் ஒன்றை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு, ஒரு சின்ன ஊர், ஒருவரைப் பற்றி ஊரே கூடிப் பேசுகிறது. பேசப்படுகிற ஆள் வாயைத் திறப்பதே இல்லை. படித்துக்கொண்டே இருந்தபோது எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஊரார் பேசியதை அப்படியே எடுத்து உங்களுக்கு எழுதிவிட்டேனே என்று இருந்தது. என்ன நடந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கடையில் என்ன நடந்தது அண்ணா? திட்டியதற்குக் கோபித்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் கடிதம் வராத நாட்களில் எனக்கு இங்கே ஒருவரும் இல்லை.

உங்கள் தங்கச்சி,
யாழினி


முதலிபாளையம்
4 மே 2024

அன்புத் தங்கச்சி யாழினிக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். வெயில் கொளுத்துகிறது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. பொய் எழுத வரவில்லை, நிஜத்தை எழுத மனசு வரவில்லை. அதனால்தான் எழுதவில்லை. இதை அம்மாவிடமோ வேறு யாரிடமோ நீ சொல்லக் கூடாது.

கடையில் பெரியவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரணி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து மடியில் போட்ட புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"இந்தக் கல்யாணத்துல உங்களுக்கு இஷ்டந்தானுங்களா? இல்லீன்னா சொல்லிப்போடுங்க. உங்க பேரு வராம நான் பாத்துக்கறனுங்க."

அவள் புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, "இல்லீங்க" என்றாள்.

வேறு யாரையாவது விரும்புகிறாளோ என்று நினைத்துக் கேட்டேன். "அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். மேலே படிக்க ஆசையோ என்று கேட்டேன்.

"அதும் இல்லீங்க. உங்கள எனக்குப் புடிக்கலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. அப்பாகிட்டச் சொன்னா ஊட்டுல இருக்க உடமாட்டாருங்க."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை யாழினி. பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். முகமே மாறிவிட்டது. என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பெண் அவ்வளவு நிம்மதி அடைந்ததை நான் எதிரே நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு நான் என்ன செய்ய முடியும்? எனக்கு மனசு ஒப்பவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கறுப்பு, நகை என்பதெல்லாம் ஊர் தானாகச் சேர்த்துக்கொண்டது. மறுத்தால் அடுத்த கேள்வி அவளிடம் போகும் என்று விட்டுவிட்டேன்.

நீ படித்த நாடகங்களில் அந்தப் பெண்ணுக்கு ஒரு காதலன் இருப்பான் என்று நினைக்கிறேன். விட்டுக்கொடுத்தவனுக்கு, சேர்த்து வைத்தோம் என்று ஒரு திருப்தியாவது இருக்கும். இங்கே சேர்த்து வைக்க ஆளில்லை. என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை அவர்கள் எழுதியிருக்கிறார்களா?

கேட்டது சரிதான் என்று காலையில் தோன்றும். பேசாமல் இருந்திருக்கலாமே என்று மதியம் தோன்றும். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போய்விடுகிறேன்.

நீ எழுதாமல் இருந்துவிடாதே.

அண்ணன்,
செந்தில்வேல்


சலமான்கா
26 மே 2024

என் அன்பு அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. உங்கள் கடிதத்தைச் சலவைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். துணி துவைத்து முடித்து மிஷின் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: நான் படித்தவரைக்கும் எழுதவில்லை அண்ணா. அந்த நாடகங்களில் எல்லாம் விட்டுக்கொடுக்கிறவருக்குக் கடைசியில் எல்லோரும் கைகூப்புகிறார்கள். உங்களுக்குக் கிடைத்தது அம்மாவின் மௌனமும் என் திட்டும்தான். உங்களைப் பெரிய மனுஷன் என்றெல்லாம் புகழ மாட்டேன், புகழ்ந்தால் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அண்ணனுக்கு ஒரு குடும்பம் கிடைத்திருக்குமே என்று எனக்கும் தோன்றியது. எப்படியாவது நடந்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். இத்தனை புத்தகம் படித்த தங்கச்சிதான் இப்படியும் நினைத்தாள். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கடிதக் கோப்பைக் கொடுக்கும் நாள் வந்தது. உங்கள் கடைசிக் கடிதத்தை ஸ்பானியத்தில் எழுத உட்கார்ந்தேன். பரணி சொன்னது வரைக்கும் வந்துவிட்டு நிறுத்திவிட்டேன். அது உங்களை நம்பிச் சொன்னது. நீங்கள் என்னை நம்பி எழுதினீர்கள். அதற்கு ஒருவர் மார்க் போடுவதா? கொடுக்க முடியாது என்று இனெஸ் அம்மையாரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், அதையும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை அடுத்த வருஷம் மறுபடி படிக்க வேண்டுமாம். ஊருக்கு வருவது அதுவரை தள்ளிப் போகிறது.

ஆனால் உங்களுக்குத் தொடர்ந்து எழுதுவேன். இனி இது பாடம் இல்லை. எதை வேண்டுமானாலும் போனிலும் பேசலாம்.

உங்கள்,
யாழினி


முதலிபாளையம்
24 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி யாழினிக்கு,

இங்கே சுகம். அம்மா இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறது. தட்டு வைத்தாயிற்று, கேட்டைச் சாத்து, அவ்வளவுதான். இருந்தாலும் பேச்சுத்தானே. பாதி மதிப்பெண்ணை இப்படி விட்டுவிட்டாயே என்று எனக்கு வருத்தம். ஆனால் கொடுக்கவில்லை என்று படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு வருஷம் குளிரில் இருக்க வேண்டுமே, நல்ல ஷூவாக வாங்கிக்கொள்.

போனில் பேசலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் போனில் வராது கண்ணு. இப்படியே எழுதுகிறேன்.

எனக்கு இனிமேல் இடம் பார்க்க மாட்டாராம் ராசப்பன். என் பேரைச் சொன்னாலே பெண் வீட்டார் கதவைச் சாத்துகிறார்களாம். அதைச் சொல்லத்தான் போன வாரம் யூனிட்டுக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, கொமரலிங்கத்துப் பெண்ணுக்கு வேறு இடம் முடிந்துவிட்டது என்றார். மாப்பிள்ளை பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரமாம். ஆவணியில் கல்யாணம்.

"பொண்ணு என்னங்க சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொண்ணு என்னத்தச் சொல்லும்? காபி கொண்டாந்து குடுத்துப்போட்டு உள்ள போயிருச்சு" என்றார்.

அவர் போன பிறகு வேலை ஓடவில்லை. அந்த மாப்பிள்ளையும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பார், அவளும் பிடித்துத்தான் சரியென்று சொல்லியிருப்பாள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் யாழினி. நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

அண்ணன்,
செந்தில்வேல்